தட்டை வடமும் தெரிந்து தெளிதலும்

பள்ளி அலுவலகத்திலுள்ள அச்சுப்பொறியின் மூடியைத் தூக்கிப் பார்த்தால், மை தெளிக்கும் தலைப்பகுதி இடமும் வலமுமாக ஓடிக்கொண்டிருப்பதைக் காணலாம். அதனோடு கூடவே, ஓலை நறுக்குப் போன்ற வெண்மையான பட்டை ஒன்று வளைந்தும் நிமிர்ந்தும் ஓடிவரும். மின்சுற்றுப் பலகையிலிருந்து தலைப்பகுதிக்கு மின்னோட்டத்தையும் கட்டளைகளையும் கொண்டு செல்வது அப்பட்டையே. தொழிற்கூடங்களில் இதனைப் 'பிளாட் கேபிள்' என்றும் 'எப்.எப்.சி.' என்றும் வழங்குவர். தமிழில் நெகிழ்தட்டை வடம் எனலாம். சுருக்கம் கருதி, இக்கட்டுரையில் தட்டை வடம் என்றே குறிப்போம்.

இந்த வடத்தின் விலை அச்சுப்பொறியின் விலையில் மிகச் சிறு பங்கே. ஆயினும் இதில் உள்ள பல இழைகளுள் ஒன்று அறுந்தால் பொறி முழுவதும் பயனற்றுப் போகும். பொறி நின்றால் அலுவலக வேலைதான் தடைப்படும். உயிருக்கே கேடு வரக்கூடிய இடங்களிலும் இதே வடம் வேலை செய்கிறது. காரின் திசைமாற்றுச் சக்கரத்தினுள், கடிகாரச் சுருள்வில் போலச் சுருட்டி வைக்கப்பட்டு, காற்றுப்பைக்கு மின்சாரம் கொண்டு செல்வதும் தட்டை வடமே. 2014ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் டொயோட்டா நிறுவனம் பல குறைகளுக்காக உலகெங்கும் 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தது. அக்குறைகளுள் ஒன்று இச்சுழல் வடத்தைப் பற்றியது. சுமார் 35 இலட்சம் கார்கள் அதில் அடங்கின. சக்கரத்தைத் திருப்பும்போது வடத்தின் மின்னிணைப்பு சேதமடையலாம் என்பதும், அவ்வாறு சேதமடைந்தால் மோதும் வேளையில் காற்றுப்பை விரியாமற் போகலாம் என்பதுமே அச்சம்.

ஆகவே, இவ்வடத்தை யாரிடம் வாங்குவது என்பது விலைப்பட்டியலை மட்டும் பார்த்து முடிவு செய்யத்தக்கதன்று. பினாங்கில் பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக வட்டாரம் 1972ஆம் ஆண்டில் தொடங்கியது முதலாக, மின்னணுத் தொழில் நம் மக்களில் பலருக்குப் பிழைப்பாக இருந்து வருகிறது. நம் மாணவர் பலர் நாளை வடிவமைப்பாளராகவோ, கொள்முதல் அலுவலராகவோ, வந்த சரக்கைச் சோதித்துக் கையொப்பமிடும் தொழில்நுட்பராகவோ ஆகக்கூடும். அவர்கள் எதை அறிந்து கையொப்பமிட வேண்டும் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

வடத்தின் அமைப்பு

மெல்லிய செப்புப் பட்டைகள் பலவற்றைச் சம இடைவெளியில் இணையாக நிறுத்தி, மேலும் கீழும் பாலியெஸ்டர் படலம் வைத்து, வெப்பத்தால் இளகும் பசை கொண்டு அழுத்தி ஒட்டினால் தட்டை வடம் ஆகிறது. இரு முனைகளிலும் ஒரு பக்கத்துப் படலம் இல்லாமல் விடப்படும். அங்கே செம்பு வெளியே தெரியும். அச்செம்பின்மீது வெள்ளீயமோ பொன்னோ பூசப்பட்டிருக்கும். முனையின் பின்புறத்தில் தடித்த பிளாஸ்டிக் துண்டு ஒன்றை ஒட்டுவர். இது பெரும்பாலும் நீல நிறமாயிருக்கும். மெல்லிய முனை மடங்காமல் இணைப்பியினுள் நுழைவதற்கு இதுவே தாங்கி. தாங்கியோடு சேர்ந்த முனையின் பருமன் வழக்கமாக 0.3 மில்லிமீட்டர்.

இதனோடு ஒத்த தோற்றமுடைய வேறொரு பொருளும் உண்டு. பாலிஇமைடு படலத்தின்மீது செம்பைப் படியவைத்து, வேண்டாத பகுதியை அமிலத்தால் அரித்தெடுத்துச் செய்யும் நெகிழ்சுற்றுப் பலகை அது. அதில் மின்பாதையை விரும்பியவாறு வளைத்துக் கொண்டு போகலாம், உறுப்புகளையும் பற்றவைக்கலாம். ஆனால் விலை மிகுதி. தட்டை வடத்தில் பாதைகள் நேர்கோடாகவே செல்லும். அதனாலேயே விலை குறைவு. நேர்கோடு போதுமான இடத்தில் மற்றதை வாங்குவது வீண்செலவு. இரண்டையும் ஒன்றெனக் கருதி விலை கேட்பவர், தொடக்கத்திலேயே தவறு செய்கிறார்.

வடத்தைக் குறிக்கும் முதல் அளவு 'பிட்ச்' எனப்படும். ஒரு பட்டையின் நடுவிலிருந்து அடுத்த பட்டையின் நடு வரை உள்ள தூரம் அது. 0.5 மில்லிமீட்டரும் 1 மில்லிமீட்டரும் பெருவழக்கு. பட்டைகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டிப் பிட்சால் பெருக்கினால் வடத்தின் அகலம் கிடைக்கும். பள்ளிகளில் மாணவர் பயிலும் ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினியை எடுத்துக்கொள்வோம். அதன் முந்திய அமைப்புகள் பலவற்றில் கேமரா வடத்துக்கு 1 மில்லிமீட்டர் பிட்சில் 15 பட்டைகள்; ஆகவே அகலம் 16 மில்லிமீட்டர். 2023ஆம் ஆண்டில் வெளிவந்த ஐந்தாம் அமைப்பில் 0.5 மில்லிமீட்டர் பிட்சில் 22 பட்டைகள், அகலம் 11.5 மில்லிமீட்டர். பழைய வடம் புதிய பலகையில் ஏன் நுழைவதில்லை என்று வியக்கும் மாணவனுக்கு, இக்கணக்கே விடை.

முதலில் தன் தேவையை அறிதல்

வழங்குநரைத் தேடுமுன் வடிவமைப்பாளர் தம் தேவையைத் தாமே அறிய வேண்டும். "நல்ல வடம் வேண்டும்" என்று கேட்பவருக்கு எவரும் நல்ல வடமே தருவதாகச் சொல்வர். இன்ன வேலைக்கு, இத்தனை ஆண்டுகளுக்கு, இன்ன வெப்பத்தில் என்று எண்ணால் கேட்பவருக்கே எண்ணால் விடை கிடைக்கும்.

ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அது சிறிய அச்சுப்பொறி ஒன்றை வடிவமைக்கிறது. ஓடும் தலைப்பகுதிக்கு 0.5 மில்லிமீட்டர் பிட்சில், 40 பட்டைகள் கொண்ட, 40 சென்டிமீட்டர் நீளமான வடம் தேவை. இதில் அறிய வேண்டியவை நான்கு.

முதலாவது, வளைவு. ஒரு பக்கம் அச்சிடத் தலைப்பகுதி 40 முறை ஓடுவதாகவும், பொறி தன் ஆயுளில் 25,000 பக்கங்கள் அச்சிடுவதாகவும் கொண்டால், வடம் 10 இலட்சம் முறை வளைய வேண்டும். வளையும்போது செம்பின் வெளிப்புறம் நீள்கிறது, உட்புறம் சுருங்குகிறது. செம்பின் பருமனை வளைவின் ஆரத்தைப் போல் இரு மடங்கால் வகுத்தால் அந்த நீட்சியின் அளவு தெரியும். ஆரம் 10 மில்லிமீட்டர், செம்பின் பருமன் 0.1 மில்லிமீட்டர் என்றால் நீட்சி நூற்றுக்கு 0.5. பருமன் 0.05 ஆனால் 0.25. பருமன் 0.035 ஆனால் 0.175. நீட்சி பாதியாகக் குறைந்தால் வடத்தின் ஆயுள் இரு மடங்கு அன்று, பன்மடங்கு பெருகும். உலோகத்தின் களைப்பு அத்தகையது. ஆகவே மெல்லிய செம்பே ஓடும் வடத்துக்கு ஏற்றது. மேலும், செம்பு இரண்டு படலங்களுக்கும் நடுவே இருக்கும் வரையில்தான் இக்கணக்கு செல்லும். மின் இரைச்சலைத் தடுப்பதற்காக ஒரு பக்கத்தில் மட்டும் உலோகத் தாள் ஒட்டினால், செம்பு நடுவை விட்டு விலகும், ஆயுள் குறையும்.

இரண்டாவது, மின்னோட்டம். மெல்லிய செம்பு வளைவுக்கு நல்லது, மின்னோட்டத்துக்கு அன்று. 0.3 மில்லிமீட்டர் அகலமும் 0.05 மில்லிமீட்டர் பருமனும் உள்ள பட்டையின் மின்தடை, ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 1.15 ஓம். நம் 40 சென்டிமீட்டர் வடத்தில் ஒரு பட்டைக்கு 0.46 ஓம். மின்னோட்டம் போகவும் வரவும் வேண்டுமாதலால் 0.92 ஓம். அரை ஆம்பியர் செலுத்தினால் 0.46 வோல்ட் வழியிலேயே இழக்கப்படும். 5 வோல்ட் வழங்கும் சுற்றில் இது பத்தில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு. போகும் வழிக்கு நான்கு பட்டைகள், வரும் வழிக்கு நான்கு பட்டைகள் எனப் பகிர்ந்தால் இழப்பு 0.115 வோல்ட் ஆகக் குறையும். வழங்குநரால் தீர்க்க முடியாத சிக்கலை வடிவமைப்பாளர் தாமே தீர்க்கும் இடம் இது.

மூன்றாவது, தொடுமுகம். இரு முனைகளிலும் செம்பு ஒரே பக்கத்தில் தெரிவது ஒரு வகை. எதிரெதிர்ப் பக்கங்களில் தெரிவது மற்றொரு வகை. இதனை மாற்றி வாங்கினால், இணைப்பியின் ஊசிகள் செம்பைத் தொடுவதற்குப் பதிலாகத் தாங்கியைத் தொடும், மின்சாரம் ஓடாது. இரு பக்கமும் ஊசியுள்ள இணைப்பியாயின் ஆபத்து இன்னும் பெரிது. முதலாம் பட்டை நாற்பதாம் ஊசியைத் தொட்டு, மின்னழுத்தம் போகக்கூடாத இடத்துக்குப் போகும். சொல்லால் எழுதினால் இது குழப்பும். ஆகவே படம் வரைந்தே அனுப்ப வேண்டும்.

நான்காவது, வெப்பம். 80 டிகிரி வரை தாங்கும் வடங்களும் 105 டிகிரி வரை தாங்கும் வடங்களும் உண்டு. பொறிக்கு வெளியே உள்ள வெப்பத்தை அன்று, வடம் கிடக்கும் இடத்து வெப்பத்தையே அளக்க வேண்டும். நம் நாட்டு நண்பகலில், மூடிய வண்டிக்குள் வைக்கும் பொருளுக்கு இது மிக முக்கியம்.

உலோகங்களின் பொருத்தம்

பலர் கவனியாமல் விடுவது முனைப் பூச்சு. வடத்தின் முனையில் வெள்ளீயம் பூசியிருந்தால் இணைப்பியிலும் வெள்ளீயமே இருக்க வேண்டும். பொன்னுக்குப் பொன்னே துணை. பொன்னும் வெள்ளீயமும் தொட்டு நிற்கும் இடத்தில், ஈரமும் நுண் அதிர்வும் சேர்ந்து வெள்ளீயத்தை அரிக்கும். மாதங்கள் சில சென்றபின் இணைப்பு விட்டு விட்டு வேலை செய்யும். பழுது பார்ப்பவர் வடத்தைக் கழற்றி மீண்டும் செருகினால் சரியாகிவிடும். சில வாரங்களில் குறை திரும்ப வரும். காரணம் அறியாதவர் பலகையையே மாற்றிவிடுவர்.

வெள்ளீயத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. அழுத்தத்துக்கு உட்பட்ட தூய வெள்ளீயத்திலிருந்து, மயிரினும் மெல்லிய உலோக இழைகள் தாமாகவே முளைக்கும். இவற்றை வெள்ளீய மயிர் எனலாம். முன்னாளில் வெள்ளீயத்தோடு சிறிது காரீயம் கலந்ததால் இத்தொல்லை மிகவும் அடங்கியிருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 'ரோஸ்' விதி 2006ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் பெரும்பாலான மின்னணுப் பொருள்களில் காரீயம் விலக்கப்பட்டது. உடல்நலத்துக்கு அது நன்மையே. ஆனால் இணைப்பியின் ஊசி ஓயாது அழுத்திக்கொண்டிருக்கும் தட்டை வட முனையில், வெள்ளீய மயிர் மீண்டும் தலையெடுத்தது. நம் வடத்தில் பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே உள்ள வெற்றிடம் 0.2 மில்லிமீட்டர்தான். அத்தூரத்தைக் கடக்கும் ஒரு மயிர், குறுக்குச்சுற்று உண்டாக்கப் போதும்.

ஆகவே, நெருங்கிய பிட்சுள்ள வடத்தை வாங்கும்போது, "வெள்ளீய மயிருக்கு என்ன செய்திருக்கிறீர்கள்?" என்று வழங்குநரைக் கேட்க வேண்டும். முனையில் பொன் பூசுவது ஒரு வழி. மயிர் முளைப்பதை அடக்கும் தனிப் பூச்சுமுறை மற்றொரு வழி. எந்த வழியாயினும், நாம் பயன்படுத்தும் அதே இணைப்பியில் செருகி, நாட்கணக்கில் வைத்து, உருப்பெருக்கியால் பார்த்த சோதனைக் குறிப்பு இருக்க வேண்டும். "அப்படி ஒன்றும் வராது" என்பது விடையாகாது.

வழங்குநரைத் தேர்தல்

இப்போது நம் கற்பனை நிறுவனம் மூன்று வழங்குநரிடம் விலை கேட்டதாகக் கொள்வோம்.

முதலாமவர் அன்றே விடை அனுப்பினார். எல்லாவற்றுக்கும் 'முடியும்' என்றார். விலை மிகக் குறைவு. இரண்டாமவர் மூன்று நாள் கழித்து, விலைக்கு முன்னதாகக் கேள்விகளை அனுப்பினார்: எந்த இணைப்பி, வளைவின் ஆரம் எவ்வளவு, ஒரு நிமிடத்தில் எத்தனை ஓட்டம், வடம் எவற்றின்மேல் உரசும் என்று. செம்பு 0.05 மில்லிமீட்டர் ஆனால் 10 இலட்சம் வளைவுக்கு உறுதி கூற இயலாது என்றும், 0.035 எடுத்துக்கொள்ளுமாறும் எழுதினார். மூன்றாமவர் உலகப் பெயர் பெற்ற நிறுவனத்தின் முகவர். பட்டியலிலுள்ள நீளங்களில் மட்டும் உடனே தரமுடியும் என்றார்.

மூவருள் முதலாமவரை உடனே தள்ளவும் வேண்டா. இரண்டாமவரை உடனே கொள்ளவும் வேண்டா. ஆனால் ஒன்று நினைவில் இருத்தற்பாலது. கேள்வி கேட்பவர் பொருளின் வேலையை எண்ணிப் பார்க்கிறார். ஒன்றை மறுத்துச் சொல்பவர் தம் வரம்பை அறிந்திருக்கிறார். தம் வரம்பை அறியாதவர் கூறும் 'முடியும்' என்ற சொல்லுக்கு மதிப்பில்லை.

மூன்றாமவரையும் இகழ்தல் கூடாது. அமெரிக்காவின் மோலெக்ஸ், ஜப்பானின் சுமிட்டோமோ எலெக்ட்ரிக், ஜெர்மனியின் வூர்த் எலெக்ட்ரானிக் போன்ற நிறுவனங்களின் அளவுக் குறிப்புகள் விரிவாக அச்சிடப்பட்டுள்ளன. அங்குலத்தின் மடங்குகளாகிய 51, 76, 102, 152 மில்லிமீட்டர் போன்ற நீளங்களில் வடங்கள் பட்டியலிலேயே கிடைப்பதுண்டு. பலகையைச் சற்றே நகர்த்தி வைத்தால் பட்டியல் நீளமே போதும் என்னும்போது, தனி நீளம் செய்யச் சொல்வது வீண். சில நூறு பொறிகள் மட்டும் செய்பவருக்கு, ஏற்றுக்கொள்ளப்பட்ட முகவரிடம் பட்டியல் வடம் வாங்குவதே அறிவுடைமை. பல்லாயிரம் செய்பவருக்கே தனி வடம் சிக்கனம்.

மூவரிடமும் கேட்க வேண்டியவை சில உள.

வடத்தை ஒட்டி உருவாக்குவது அவர்தாமா, அன்றிப் பிறர் செய்ததை வாங்கி விற்பவரா? விற்பவராயின் குற்றமில்லை, ஆனால் செய்பவர் யார் என்று தெரிய வேண்டும். இன்றேல் இம்மாதம் ஒருவர் செய்ததும், அடுத்த மாதம் வேறொருவர் செய்ததும் ஒரே எண்ணோடு வந்து சேரும்.

பாதுகாப்புச் சான்று உண்டா? வடத்தின் உடலிலேயே யூ.எல். வகை எண், வெப்ப அளவு, வோல்ட் அளவு, 'வி.டபிள்யூ-1' என்னும் தீச்சோதனைக் குறி ஆகியவை அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம். அச்சு எவரும் அடிக்கலாம். ஆகவே அந்நிறுவனத்தின் கோப்பு எண்ணைக் கேட்டு, யூ.எல். அமைப்பின் பொதுப் பதிவேட்டில் ஒப்புநோக்க வேண்டும்.

'ரோஸ்' சான்று எந்த ஆண்டினது? அவ்விதியில் தாலேட் எனப்படும் நான்கு பொருள்கள் பின்னர்ச் சேர்க்கப்பட்டன. பெரும்பாலான பொருள்களுக்கு அது 2019ஆம் ஆண்டு ஜூலை 22 முதல் நடைமுறைக்கு வந்தது. அவற்றைச் சோதியாத பழைய தாளைக் காட்டினால், அது இக்காலத்துக்குப் போதாது.

ஐ.எஸ்.ஓ. 9001 சான்று உண்டா? கார்த் தொழிலாயின் ஐ.ஏ.டி.எப். 16949 உண்டா? இருப்பது நல்லது. ஆனால் இவை நிறுவனத்தில் ஓர் ஒழுங்குமுறை உண்டு என்பதற்குச் சான்றே ஒழிய, நம் கையிலுள்ள வடம் நன்று என்பதற்குச் சான்றல்ல. பட்டம் பெற்றவர் என்பது வேறு. இன்று வகுப்பில் நன்றாகக் கற்பித்தார் என்பது வேறு. ஆசிரியர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

இறுதியாக, மிக முக்கியமானது: பசையையோ, பூச்சையோ, செய்யும் இடத்தையோ மாற்றுமுன் எழுத்து மூலம் அறிவிப்பாரா? முதல் ஆண்டு நன்றாயிருந்த வடம் மூன்றாம் ஆண்டில் கெடுவதற்கு, சொல்லாமல் செய்த மாற்றம் ஒரு காரணமாகும்.

மாதிரியைச் சோதித்தல்

வந்த மாதிரியை முதலில் அளக்க வேண்டும். முதற் பட்டையிலிருந்து நாற்பதாம் பட்டை வரை 39 இடைவெளிகள், மொத்தம் 19.5 மில்லிமீட்டர். ஒவ்வோர் இடைவெளியிலும் 0.005 மில்லிமீட்டர் பிழை இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 39 பிழைகள் சேர்ந்து 0.195 மில்லிமீட்டர் ஆகும். பட்டைகளின் நடுவே உள்ள வெற்றிடமே 0.2 தான். முதல் ஊசி சரியாக நிற்கக் கடைசி ஊசி அடுத்த பட்டையை எட்டிப் பார்க்கும். ஆகவே பிட்சைத் தனித்தனியே அளந்தால் போதாது; மொத்தத் தூரத்தையும் அளக்க வேண்டும்.

அடுத்து, வளைவுச் சோதனை. வடத்தை நம் பொறியில் உள்ள அதே ஆரத்தில் வளைத்து, முன்னும் பின்னும் ஓடவிட்டு, மின்தடையை இடைவிடாது அளக்க வேண்டும். சோதனை முடிந்தபின் அளப்பது போதாது. விரிந்த வெடிப்பு நிமிர்ந்தவுடன் மூடிக்கொள்ளும். மல்டிமீட்டர் 'நன்று' என்று பொய் சொல்லும். வளைந்திருக்கும் நொடியில்தான் உண்மை வெளிப்படும்.

ஈரமும் வெப்பமும் கூடிய அறையில் வைத்துப் பசை விடுகிறதா என்று பார்ப்பது மூன்றாவது. 85 டிகிரி வெப்பமும் நூற்றுக்கு 85 ஈரப்பதமும் இச்சோதனைக்கு வழக்கமான அளவு. நம் நாட்டு ஈரக்காற்றில் கிடங்கிலிருக்கும் பொருளுக்கு இது தவிர்க்கலாகாத சோதனை.

எத்தனை மாதிரிகளைச் சோதிப்பது? பத்து எடுத்துப் பத்தும் நன்றாயிருந்தால் மனம் நிறைந்துவிடுகிறது. கணக்கு வேறு சொல்கிறது. சரக்கில் நூற்றுக்கு இரண்டு கெட்டவை என்று வைத்துக்கொள்வோம். பத்து எடுத்தால் அவற்றுள் ஒன்றுகூடக் கெட்டதாக அமையாமலிருக்க நூற்றுக்கு 82 வாய்ப்பு உண்டு. அதாவது, பெரும்பாலும் நாம் ஏமாறுவோம். அக்குறை நம் கண்ணில் படுவதற்கு நூற்றுக்கு 95 வாய்ப்பு வேண்டுமானால், 150 வடங்களாவது பார்க்க வேண்டும். மேல்நிலைக் கணித வகுப்பில் நிகழ்தகவைக் கற்பிக்கும் ஆசிரியருக்கு, இதனினும் வாழ்வோடு ஒட்டிய கணக்கு கிடைப்பது அரிது.

விலையும் தொடர்ச்சியும்

மலிவான வடத்தால் ஒன்றுக்கு 10 காசு மிச்சம் என்போம். 10,000 பொறிகளுக்கு 1,000 வெள்ளி மிச்சம். ஆனால் நூற்றுக்கு ஒரு பொறி பழுதாகித் திரும்பினால் 100 பொறிகள். ஒன்றைப் பழுது பார்க்க 40 வெள்ளி என்றாலும் 4,000 வெள்ளி செலவு. இது எண்ணால் அளக்கக்கூடிய இழப்பு மட்டுமே. அச்சுப்பொறி நின்றதால் வாடிக்கையாளர் இழந்த நம்பிக்கைக்குக் கணக்கு எழுத ஏடு இல்லை.

வேண்டும்போது சரக்கு வந்து சேர்வதும் தரத்தின் ஒரு பகுதியே. 2011ஆம் ஆண்டில் தாய்லாந்தில் பெருவெள்ளம் வந்தபோது, அங்கிருந்த ஹார்ட் டிஸ்க் தொழிற்கூடங்கள் நீரில் மூழ்கின. அதனால் உலகெங்கும் அப்பொருளுக்குத் தட்டுப்பாடு நேர்ந்து விலை ஏறியது. ஓரிடத்தையே நம்பியிருந்தவர் கை பிசைந்து நின்றனர். எனவே, முதல் வழங்குநர் எத்துணை நல்லவராயினும், அதே வரைபடத்துக்கு அதே சோதனையில் தேறிய இரண்டாமவர் ஒருவரை ஆயத்தமாக வைத்திருப்பது கடமை. இது முதல்வர்மேல் கொண்ட ஐயமன்று. வெள்ளத்துக்கு நல்லவரென்றும் தீயவரென்றும் வேறுபாடு தெரியாது.

நம் கற்பனை நிறுவனம் இறுதியில் என்ன செய்தது? மூவரின் மாதிரிகளையும் ஒரே பொறியில் ஓடவிட்டது. இரண்டாமவரின் 0.035 மில்லிமீட்டர் வடத்தை, மின்தடை கூடுவதை ஈடுசெய்ய மின்வழிக்கு மேலும் பட்டைகளைச் சேர்த்து ஏற்றுக்கொண்டது. அசையாத பலகைகளின் நடுவே தேவைப்பட்ட சிறு வடத்துக்கு மூன்றாமவரின் பட்டியல் நீளமே போதுமாயிற்று. முதலாமவர் வளைவுச் சோதனைக் குறிப்பை அனுப்பும்வரை காத்திருப்பதென்று முடிவு செய்தது. ஒருவரே எல்லாவற்றிலும் சிறந்தவராயிருக்க வேண்டும் என்பதில்லை. எந்த வேலைக்கு யார் தக்கார் என்பதே கேள்வி.

முடிவுரை

திருக்குறளின் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல், தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்னும் ஐந்து அதிகாரங்கள் 48 முதல் 52 வரை ஒன்றையடுத்து ஒன்றாக நிற்கின்றன. அரசன் துணைவரைத் தேர்வதற்குக் கூறப்பட்ட அவ்வைப்புமுறை, நாம் கண்ட முறையோடு எத்துணை ஒத்திருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்கலாம். முதலில் வேலையின் வலியும் வேண்டும் காலமும் இடமும் அறிகிறோம். பின்னர் ஆளைச் சோதித்துத் தெளிகிறோம். அதன்பின் அவரவர்க்கு ஏற்ற வேலையை ஒப்படைக்கிறோம். ஆராயாமல் நம்புவதும் தீங்கு. ஆராய்ந்து நம்பியபின் காரணமின்றி ஐயுறுவதும் தீங்கு என்பது அங்கே கூறப்படும் கருத்து. விலைக்காக வழங்குநரை மாதந்தோறும் மாற்றுவோரும், ஒருமுறை வாங்கியதால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவோரும் இவ்விரு தீங்குகளுக்கும் ஆளாகின்றனர்.

நம்மிடம் பயிலும் மாணவர் நாளை ஒரு தொழிற்கூடத்தில், சரக்குத் தாளின் அடியில் 'சோதித்தேன்' என்று கையொப்பமிட நேரும். எழுதுகோலை எடுக்குமுன், எதை அளந்தேன், எத்தனை அளந்தேன், எப்போது அளந்தேன் என்று தம்மையே வினவும் பழக்கத்தை வகுப்பறையிலேயே நாம் ஊட்ட வேண்டும். காரோட்டும் யாரோ ஒருவரின் உயிர், ஒரு நாள் அக்கையொப்பத்தை நம்பியிருக்கும்.